நிலுவை

எங்கள் லைனில் லாஸ்ட் என்றால் கால்.
பிளாஸ்டிக் கால். அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்து
பசையும் சூடும் காட்டினால் ஷூ.
எட்டு வருடமாக எனக்கு அதுதான் லாஸ்ட்.
புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருக்கிறது:
கடைசி. நீடித்திருத்தல்.
கடைசியாக இருப்பதற்கும்
கடைசிவரை இருப்பதற்கும் ஒரே சொல்லாம்.

சோல் எங்களுக்கு அடித்தோல்;
அங்கே ஒற்றை முதலாளி.
ஹைட் எங்களுக்குப் பதனிடாத பச்சைத்தோல்;
அங்கே ஒளித்துவை.
ஆம்பூர்க்காரி எனக்குப்
பாதிப் பாடம் முன்பே தெரிந்திருந்தது,
தப்பாக.

மெர்ச்சண்டைசர் வேலைக்கு இந்தப் பரீட்சை வேண்டும்.
ஏசி அறை, ஜெர்மனிக்கு மெயில் போடும் நாற்காலி,
ஏழாயிரம் கூட.
ஓவர்டைம் முடிந்து
விரலில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டே
சத்தமாகப் படிப்பேன்.
இன்ட்ரஸ்ட்: வட்டி, அக்கறை.
பேரணாம்பட்டு ரோட்டு பைனான்ஸ்காரர்
மாதம் தவறாமல் வந்து விசாரிப்பது
இதில் எது என்று அம்மாவைக் கேட்டேன்.
"கூடவே இன்னொரு ஆளையும் இட்டாந்து கீறாரே,
அக்கறைதான்" என்றாள்.

ஷம்ஷாத் அக்கா எனக்கு எதிர் மெஷின்.
வெள்ளிக்கிழமை, ஷிப்ட் முடிகிற நேரம்
அவளுக்கு ஒரு கவர் கொடுத்தார்கள்.
உருது படிப்பாள், தமிழ் எழுத்துக்கூட்டுவாள்.
கவருக்குள் இங்கிலீஷ்.
"நீதான் படிக்கிறியே ஜெயா,
இன்னா போட்டுகீது சொல்லு."

மிக மரியாதையான கடிதம்.
வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ:
பதினாலாம் பாடம், முதல் வரி.
ரிடன்டன்ட் பதினைந்தில் வருகிறது,
நான் அதுவரை போகவில்லை.
தெரியாத சொல்லைச் சூழலை வைத்து ஊகி
என்கிறது புத்தகம்.
சூழல்: சைக்கிள் ஸ்டாண்ட்,
கழுவாத டிபன் பாக்ஸ்,
என் உதட்டையே பார்க்கும் ஒருத்தி.
ஊகித்தேன்.

"ஆர்டர் இல்லியாம் அக்கா."
"அத்த சொல்லவா ரெண்டு பக்கம்?"

பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்.
பாக்கிக் காசு எப்போ தருவாங்கன்னு
போட்டுகீதா?
நான்கு தடவை படித்தேன்.
நன்றி இருந்தது.
எதிர்காலத்துக்கு வாழ்த்து இருந்தது.
முத்திரை அழுத்தமாக இருந்தது.

ஞாயிறு பாசஞ்சரில் குடியாத்தம், லத்தேரி,
காட்பாடி.
ஹால் டிக்கெட்டில் என் பெயர் ஜெயசிலி.
சீலி என்று திருத்தக் கேட்டால்
அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள்.
கேள்வி ஏழு:
நீங்கள் மனிதவள மேலாளர்.
ஆள்குறைப்பைத் தெரிவித்து
ஓர் ஊழியருக்குக் கடிதம் எழுதுக.
நூற்றைம்பது சொல். பணிவான தொனி.
இருபது மதிப்பெண்.

டியர் என்று எழுதி
பெயருக்குப் பதில் எக்ஸ் போட்டேன்.
அப்படித்தான் போடச் சொல்லியிருந்தது.
அதற்குப் பிறகு கை நிற்கவில்லை.
ரிக்ரெட். சர்கம்ஸ்டன்சஸ்.
வேல்யூட் கான்ட்ரிப்யூஷன்.
வெள்ளிக்கிழமை படித்தது
கமா உட்பட வந்து விழுந்தது.
இவ்வளவு நன்றாக
நான் எதையும் எழுதியதில்லை.

எண்ணினேன். நூற்று முப்பத்தெட்டு.
பன்னிரண்டு சொல் மிச்சம்.

அவுட்ஸ்டாண்டிங்: அபாரமான, இன்னும் தராத.
இரண்டாவதை எடுத்து ஒரு வரி சேர்த்தேன்.
உங்கள் பாக்கி முழுவதும்
பத்தாம் தேதிக்குள் தரப்படும்.

கேட்காததை எழுதினால் மார்க் குறைப்பார்கள்.
குறைக்கட்டும்.

பேப்பர் வாங்க வந்தவர் புரட்டிப் பார்த்து
குட் என்றார்.
கையெழுத்தைச் சொல்லியிருப்பார்.

வெளியே வந்து போனைப் போட்டால்
ஷம்ஷாத் அக்காவின் மிஸ்டு கால், மூன்று.
பரீட்சை எப்படி என்று கேட்கத்தான் இருக்கும்.
லத்தேரி போயிற்று, குடியாத்தம் போயிற்று.
இன்னும் நான் திருப்பிக் கூப்பிடவில்லை.